மே மாதத்தில் வீடு பார்க்காதீர்கள்

கோத்தகிரியில் மாமா வாங்கிய வீட்டுக்குள் நான் முதன்முறை நுழைந்தபோது, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு பச்சைப் பசேலென்று கிடந்தது. அதைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் காட்டியது கூரையை.

"மேல பாரு."

பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த தளம். நடுவில் ஒரு குண்டு பல்பு.

"என்ன இல்ல, சொல்லு?"

"தெரியல மாமா."

"ஃபேன் மாட்டுற கொக்கி இல்லடா! கட்டினவன் கொக்கியே வைக்கல. தேவைப்படாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

வில்லிவாக்கத்தில் முப்பத்தாறு வருஷம் ஃபேனுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்த மனிதர். கரண்ட் போனால் விசிறி மட்டையோடு மொட்டை மாடிக்கு ஏறுவார். அவருக்குக் கொக்கி இல்லாத கூரை என்பது மோட்சம். அத்தை பின்னால் நின்று கொண்டிருந்தார், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை.

மாமா இந்த முடிவை எடுத்தது 2019 கோடையில். அந்த வருஷத்தைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவில் லாரி நின்றால் குடங்கள் ஓடும். அந்த மே மாதத்தில் நான்கு நாள் கோத்தகிரிக்குப் போனார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே, டீக்கடை வாசலில் நின்று, "இங்கயே வந்துடலாம்" என்று சொல்லிவிட்டார். ஊரடங்கெல்லாம் முடிந்து 2021 ஜனவரியில் சாமான்கள் மலையேறின.

மாமாவைப் போல நிறையப் பேர். பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன ஐ.டி. பிள்ளைகள், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள். ஒவ்வொரு மே மாதமும் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு சாலைகளில் தரகரின் வண்டியைப் பின்தொடர்ந்து வெளியூர் கார்கள் போகும். இறங்குவார்கள், மூச்சை இழுத்துவிடுவார்கள், "எத்தனை செண்ட்?" என்பார்கள். தரகருக்கு அதற்கு மேல் பேச வேலை இல்லை. பேச வேண்டியதை மே மாதம் பேசிவிடும்.

இந்தக் கட்டுரை அவர்களைத் தடுப்பதற்காக எழுதப்படவில்லை. சமவெளியின் வெயில் ஒன்றும் கற்பனை இல்லை. 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைப் பார்த்தது. 2024 ஏப்ரலில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது. ஆனால் பகல் வெயிலைக்கூட நிழலில் ஒதுங்கிச் சமாளித்துவிடலாம். ஆளைத் தின்பது ராத்திரி. கடலோர ஊரில் கத்திரி சமயத்தில் நள்ளிரவுக்குப் பிறகும் வெப்பம் முப்பதுக்கு அருகில்தான் நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு சூட்டை இறக்கி வைக்க வழியில்லை. பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் சுவர் இரவில் அந்தச் சூட்டை நம் மேல் கக்கும். அறுபது வயதைக் கடந்தவருக்கு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு, இது வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து. ஏசி போடலாம். போட்டால் பில் வரும், அதன் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலில் அனலை ஊதும்.

மலைக்குப் போனால் என்ன கிடைக்கிறது என்பது எளிய கணக்கு. உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, கடலோரத்தைவிடப் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், இன்னும் குறைவு. மேட்டுப்பாளையத்தில் சட்டை ஒட்டிக்கொண்டு பஸ் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்தில் சால்வை தேடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கை முதலில் போட்டு லாபம் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. மாமா வீட்டிலிருந்து காலை நடையாகப் போய்வரலாம். பிறகு ஊட்டியில் தோடர்களிடம் நிலம் வாங்கிக் கல் வீடு கட்டினார். ஊர்க்காரர்கள் அதை இன்றும் கல் பங்களா என்கிறார்கள். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஊட்டி ஏரி அவர் வெட்டியது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் அவர் காலத்தில் மலையேறியவை. அவருக்குப் பின்னால் ராணுவம் வந்தது, நோயாளிகள் வந்தார்கள், கவர்னர் வந்தார். 1870களிலிருந்து கோடை பிறந்தால் மதராஸ் அரசாங்கமே கோப்புக் கட்டுகளோடு ஊட்டிக்கு இடம் மாறியது. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899இல் குன்னூரைத் தொட்டது, 1908இல் ஊட்டியை.

சல்லிவன் கதையில் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. அவர் தேடி வந்த அந்த ஆரோக்கியமான மலையில்தான் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அவர் கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் இறந்தார். நல்ல காற்று எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்று நினைவுபடுத்த அந்தக் கல்லறைகள் போதும்.

இனி வீட்டுக்குள் வருவோம். மலை வாழ்க்கை புரிவது அங்கேதான்.

முதல் தோல்வி இட்லி மாவில். அத்தை சென்னையில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடியற்காலை பொங்கி வழியும். கோத்தகிரியில் ஆட்டி வைத்த மாவு மறுநாள் மத்தியானமும் வைத்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் ஊற்றிய இட்லி கல். பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "குழந்தை மாதிரி வச்சுக்கணுங்க. போர்வையைச் சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல வைங்க." இன்றும் அத்தை வீட்டு அடுப்பங்கரையில் பழைய கம்பளி போர்த்திய ஒரு எவர்சில்வர் தூக்கு உட்கார்ந்திருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ சாமி பிரதிஷ்டை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பருப்பு வேகவில்லை. காரணம் பருப்பில் இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் மலையில் குடித்தனம் நடத்த முடியாது. குக்கரிலும் இரண்டு விசில் கூட வேண்டும். கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீரும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் மெழுகாகிவிடும், பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். தயிர் உறையாது. நெய் எப்போதும் உறைந்தே இருக்கும்.

துணி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் நான்கு நாள், ஐந்து நாள் துணி காயாது. காய்ந்தது போல இருக்கும். போட்டுக்கொண்டால் முதுகு சில்லிடும். மாமா சென்னையிலிருந்து கொண்டுபோன தோல் பெல்ட், கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ, அலமாரியில் பூட்டி வைத்த பட்டுப்புடவைகள் எல்லாவற்றிலும் முதல் நவம்பரிலேயே பூஞ்சணம் பூத்தது. புத்தகங்கள் அலை அலையாக வளைந்தன. சுவரில் ஈரம் வரைந்த உலக வரைபடம். அத்தையின் பட்டுப்புடவைகள் இப்போது சென்னையில் அவர் தங்கை வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. புடவைகளுக்குச் சமவெளிதான் ஒத்துக்கொள்கிறது.

மூட்டு வலிக்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிர் என்றால் சுத்தமான காற்று, சுத்தமான காற்று என்றால் சுகம் என்று போகாதீர்கள். ஈரச் சுவரும் பூஞ்சணமும் மூச்சிரைப்பைக் கூட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: குளிர் காய்வதற்குக் கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய சுற்றுலாப் பயணிகள் எழுந்திருக்காமலே போன செய்திகள் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கணப்பை வெளியே வைத்துவிட்டுப் போர்வையை நம்புங்கள்.

நீலகிரியில் ஒரு வழக்கு உண்டு. கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போவதைக் 'கீழே போறேன்' என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி கீழே. பேரப்பிள்ளையின் கல்லூரி கீழே. நல்ல மெக்கானிக் கீழே. நெஞ்சு வலி வந்தாலும் கீழேதான். கோத்தகிரியிலிருந்து கோவை வழி சரியாக இருந்தால் இரண்டு மணி நேரம். அந்த 'இருந்தால்' மீதுதான் எல்லாம் நிற்கிறது.

ஊட்டியின் மேற்கேயும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். 2009 நவம்பரில் அங்கே பெய்த மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இரவில் தூங்கியவர்கள் மீது வீட்டின் பின்சுவரோடு மலையே வந்து விழுந்தது. சாலைகள் அறுந்தன, ரயில் நின்றது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உள்ளூர்க்காரர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மேற்குப் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னை பல மாதங்களில் பார்க்கும் மழை அது. மாமா தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற அதே வருஷம்.

மண் ஏன் சரிகிறது? மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சரிவை வெட்டித் தளம் எடுத்தால் மேலே இருக்கும் மண்ணுக்குக் கால் போய்விடுகிறது. ஓடையை மூடிக் கட்டினால் தண்ணீர் வேறு வழி தேடுகிறது. வேர் பிடித்து நிறுத்த மரமில்லாத இடத்தில் மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, ஒரு ராத்திரியில் நழுவுகிறது. 'வேலி வியூ' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மனைகளில் பல, வெட்டிய சரிவின் விளிம்பில்தான் இருக்கின்றன. பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் பள்ளத்தாக்கு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் அங்கே வீடு கட்டச் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் வந்தது, 'ஹாகா' என்பார்கள். 1993இல் மலை நகரங்களுக்கென்றே கட்டட விதிகள் வந்தன. ஏழு மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. தரைத்தளமும் மேலே ஒரு தளமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபியைக் கொண்டுபோய் நினைத்தபடி மண் தோண்ட முடியாது, கலெக்டரின் அனுமதி வேண்டும். சமவெளியில் செய்வது போல மனையை வாங்கி, பூஜை போட்டு, ஆறு மாதத்தில் புதுமனை புகுவிழா என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

பத்திரத்திலும் பள்ளங்கள் உண்டு. கூடலூர்ப் பக்கம் நிலம் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் 'செக்‌ஷன் 17ஆ?' என்று கேளுங்கள். 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அடங்கிய நிலங்களின் வழக்கு தலைமுறைகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பரம்பரையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கு ஏங்குகிறார்கள். நேற்று வந்தவருக்கு என்ன கிடைக்கும்? மசினகுடிப் பக்கம் என்றால் யானை வழித்தடம். சீகூர் பீடபூமியில் வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாமாவுக்கும் ஒரு தரகர் முதலில் ஒரு இடம் காட்டினார். அழகான இடம். நடுவில் ஒரு சின்ன ஓடை சலசலத்தது, அத்தைக்குக்கூடப் பிடித்துவிட்டது. வில்லங்கச் சான்று பார்த்த வக்கீல், "ஓடையும் உங்களுக்குத்தான் விற்கிறாங்களா சார்?" என்று கேட்டார். ஓடைப் புறம்போக்கை உள்ளே சேர்த்து வேலி போட்டிருந்தார்கள். முன்பணமாகக் கொடுத்த ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை.

மலை காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அதுதான் பிழை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே ஒவ்வொரு பேட்டை. படுகர் ஊர்களை ஹட்டி என்பார்கள். வரிசை வீடுகள், பொது முற்றம். மலையின் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி அவர்களுடையது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்று அவர்கள் வருஷக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் 'வியூ' என்று சொல்லும் அந்தப் பச்சைச் சரிவு ஒருவருடைய கடன் கணக்கு. அவர் விற்கத் தயாராவதால்தான் நமக்கு வீட்டுமனை வருகிறது.

குளிரைத் தேடாமல் மலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள், பார்த்தே இராத 'தாய்நாட்டுக்கு' அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அரசு 1968இல் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. நுவரெலியாவின் குளிரிலிருந்து கூடலூரின் குளிருக்கு. கோத்தகிரிச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பேச்சில் இலங்கை வாடை அடித்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாக இருக்கும். அத்தையின் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பாட்டி அப்படி வந்தவர். குளிர் பிடிக்குமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டபோது, "எங்களுக்கு வேற என்னண்ணே தெரியும்?" என்றார் அந்தப் பெண்.

இப்போது ஃபேன் கதைக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 73 ஆண்டுகளில் இல்லாத வெயில் என்று செய்தித்தாள்கள் எழுதின. கேட்பதற்கு 29 என்ன பெரிய வெயில் என்று தோன்றும். ஆனால் மலையில் வெயிலின் குணம் வேறு. காற்று மெல்லியது, புற ஊதாக்கதிர் அதிகம், நேராகத் தோலைச் சுடும். வீடுகள் சூட்டைப் பிடித்து வைப்பதற்கென்றே கட்டப்பட்டவை, சின்னச் சின்ன ஜன்னல். அந்த வாரம் மாமா எனக்குப் போன் செய்தார். குரலில் ஒரு தயக்கம். "ஒரு டேபிள் ஃபேன் வாங்கிட்டேன்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. கோத்தகிரிக் கடையிலேயே கிடைத்ததாம். கடைக்காரர் பத்து பீஸ் வரவழைத்திருந்தார், இவர் வாங்கியது கடைசிப் பெட்டி.

அதே வாரம் பெங்களூரு 38 டிகிரியைத் தாண்டியது. ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் குளிருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே வீடுகளில் ஃபேன் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊர் 2024இல் குடிதண்ணீருக்கு லாரிக்குப் பின்னால் ஓடியது. குளிர்ந்த ஊர் என்று எல்லோரும் சேர்ந்து போனால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இல்லை.

மலையின் குளிர் உயரத்தால் மட்டும் வருவதும் இல்லை. நீலகிரியின் பழைய நிலம் புல்வெளியும் சோலையுமாக இருந்தது. மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலைக்காடு, அதைச் சுற்றி மேட்டில் புல். மழையை இவை பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். உள்ளூரில் கற்பூர மரம், சீகை மரம் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் ரேயான் ஆலைக்கு மரம் வேண்டுமென்று அதையே செய்தது. தேயிலை ஒரு பெரும் பங்கைத் தின்றது, அணைகள் கொஞ்சம், கட்டடங்கள் கொஞ்சம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலிருந்து ஓடுகிறது, பிறகு குந்தா வந்தது. கோயம்புத்தூரின் மில்களைச் சுழற்றியது இந்த மலைத் தண்ணீர். இன்று நம் ஏசிகளிலும் அதன் பங்கு இருக்கிறது.

மாமா வீட்டுத் தெருவில் பிப்ரவரி பிறந்தால் குழாயில் தண்ணீர் வாரம் ஒரு நாள். அப்போது டேங்கர் லாரி வரும். வில்லிவாக்கத்தில் கேட்ட அதே ஹாரன். முதல் லாரி வந்த அன்றைக்குத்தான் அத்தை முதல்முறையாகச் சிரித்தாராம்: "இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?"

வண்டிகளைச் சொல்லாமல் முடியாது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரியில் டிஎன்-43 பதிவெண் உள்ளவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். மாமா உடனே வண்டியின் பதிவை மாற்றினார். இப்போது சீசனில் குன்னூர்ச் சாலையில் மாட்டிக்கொண்டால், கண்ணாடியை இறக்கி, வெளியூர் வண்டிகளைப் பார்த்து, "எல்லாரும் இங்கயே வந்துடுறாங்க" என்று அங்கலாய்க்கிறார். டிஎன்-43 கொடுத்த தைரியம்.

இவ்வளவு சொன்ன பிறகு, அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நடந்தது வேறு. குளிருக்கு ஆசைப்பட்டுப் போன மாமா ஐப்பசி பிறந்தால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார். பென்ஷன் விஷயம், பல் டாக்டர், நண்பர் மகன் கல்யாணம். ஆரம்பத்தில் விருப்பமே காட்டாத அத்தைதான் மலையை விட்டு இறங்க மறுக்கிறார். அவருக்கு அங்கே ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவோடு பேரகணியில் படுகர்கள் கொண்டாடும் ஹெத்தை பண்டிகைக்குப் போய்வருகிறார். கொல்லையில் கேரட்டும் முட்டைக்கோஸும் போட்டிருக்கிறார். ராத்திரியில் காட்டுமாடு வந்து முட்டைக்கோஸைத் தின்றுவிட்டுப் போனால், விடிந்ததும் எனக்குப் போன் செய்து எத்தனை போயிற்று என்று கணக்குச் சொல்கிறார். ஒரு முறை கரடி வந்து பின்கட்டில் வைத்திருந்த எண்ணெய்ப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டது. கோத்தகிரிக் கரடிகளுக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயில் விளக்கெண்ணெயைக்கூட விடுவதில்லை. "நம்மளவிட அதுங்களுக்குத்தான் இங்க பாத்தியதை அதிகம்" என்கிறார் அத்தை. தட்பவெப்பத்துக்காகப் போனவருக்கு மலை தங்கவில்லை, மனுஷர்களோடு பழகியவருக்குத் தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மாமா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போக விரும்புகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள். ஒரு முழு வருஷம். ஐப்பசி மழையில் ஐந்து நாள் கரண்ட் இல்லாமல், மார்கழிப் பனியில் விடியற்காலை குழாயைத் திறந்து, மாசியில் டேங்கருக்குக் காத்திருந்து பாருங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள். பிறகும் பிடித்திருந்தால், புதிதாக மலையை வெட்டாமல், ஏற்கெனவே கட்டி நிற்கும் பழைய வீட்டை வாங்குங்கள். அப்படிப்பட்டவை நிறைய விற்பனைக்கு இருக்கின்றன. மே மாதத்தில் வீடு பார்த்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை.

நவம்பரில் விலையும் குறைவாகச் சொல்வார்கள்.